ரங்கநாதன் தெருவில் உம்மா தொலைந்த பகல்

மல்லிகைப்பூ, வியர்வை, பொரிக்கும் பஜ்ஜி... சென்னை ரங்கநாதன் தெரு என்றால் எனக்கு இன்றும் முதலில் அந்த வாசனைதான்.

காக்கா என்று நான் கூப்பிடும் அண்ணனின் கல்யாணத்துக்குக் கூறைப் புடவை எடுக்க உம்மாவும் நானும் இலங்கையின் சாய்ந்தமருதிலிருந்து போயிருந்தோம். எங்கள் பக்கம் கூறை மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. அதில் குறை வந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா?

அப்படி ஒரு சனத்தை நான் கண்டதில்லை. நடக்கவே தேவையில்லை, நின்றால் போதும், கூட்டமே கொண்டுபோய் விடும். ஒரு கடை வாசலில் வளையல் பார்த்தேன். இரண்டே நிமிடம்தான்...

திரும்பினால் உம்மாவைக் காணவில்லை.

உம்மாவிடம் போன் இல்லை. ஹோட்டல் பெயரும் தெரியாது. தெரு முழுக்க "உம்மா... உம்மா..." என்று கத்திக்கொண்டு ஓடினேன். கூறையாவது மண்ணாவது என்றிருந்தது. வாப்பாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

முக்கால் மணி நேரம் கழித்து, சந்துக்குள் ஒரு சின்னப் புடவைக் கடை. வாசலில் உம்மாவின் செருப்பு! உள்ளே பாய்ந்தேன். நெற்றியில் குங்குமம் வைத்த விற்பனைப் பெண் ஒருத்தி என்னைத் தடுத்தாள்.

"சத்தம் போடாதீங்கக்கா, அம்மா தொழுதுட்டிருக்காங்க."

ஊருக்குப் பக்கத்தில் கல்முனை பஸாரில் நிற்கும்போது பகல் தொழுகையான லுஹருக்குப் பாங்கு சொன்னால், பக்கத்துக் கடையின் உள்ளறையில் பாய் கேட்டு வாங்கித் தொழுவது உம்மாவின் பழக்கம். சென்னையிலும் அதையேதான் செய்திருக்கிறார்! அந்தப் பிள்ளையும் தொழுமுன் கை கால் முகம் கழுவி ஒழுச் செய்யத் தண்ணீர் கொடுத்து, புதுப் போர்வை ஒன்றைப் பிரித்து விரித்துவிட்டு, கதவடியில் காவலுக்கு நின்றிருக்கிறாள்.

உம்மா ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து, கையேந்தி, நீண்ட நேரம் துஆக் கேட்டார். எழும்பட்டும், நல்லா ஏசுவோம் என்று காத்திருந்தேன்.

என்னைக் கண்டதும் அவர் முந்திக்கொண்டார்.

"எங்க புள்ள போன நீ? ஒன்னக் காணல்ல எண்டு இவ்வளவு நேரமும் அல்லாஹ்கிட்ட அழுதுட்டு இருக்கன்!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கூறையை அந்தக் கடையிலேயே எடுத்தோம். பேரம் பேசுவதில் கெட்டிக்காரியான உம்மா அன்று அந்தப் பிள்ளை சொன்ன விலையை அப்படியே எண்ணிக் கொடுத்தார்.

இப்போது புடவை எடுக்க நான் தனியாகத்தான் சென்னை போகிறேன். கையில் மேப், லொகேஷன், எல்லாம் இருக்கிறது. தொலைய வழியே இல்லை. ஆனாலும் லுஹர் முடிந்த கையோடு சாய்ந்தமருதிலிருந்து உம்மாவின் போன் கோல் வரும்.

"எங்க புள்ள நிக்கிறாய்?"


அந்தக் கேள்வி வரும்வரை நான் புடவை எதையும் விரித்துப் பார்ப்பதில்லை.