கைப்பிடியில் ஒட்டிய பெயர்

தபசிமுத்து அண்ணன் இறந்த செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்தது. நம்முடைய தூண்டில் குழுவில் காலை ஏழு மணிக்கு அவர் படத்தையும் கீழே ஒரு விளக்கையும் போட்டிருந்தார்கள். அதற்கடியில் வரிசையாகக் கும்பிடும் கைகள். நானும் ஒரு கும்பிடு போட்டேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, நம்மில் ஒருவர் அன்று காலை விழிஞ்ஞத்தில் பிடித்த பாரை மீனின் படத்தைப் போட்டார். கும்பிட்ட கைகளெல்லாம் கட்டைவிரல்களாக மாறின. என்ன தூண்டில் ராடு, எத்தனை கிராம் ஈயம், எங்கே வாங்கியது என்று கேள்விகள். எங்கே வாங்கியது என்பதற்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு ஒரு நாளாவது கூச்சம் வந்திருக்கிறது, சந்தோஷம்.

வருகிற ஞாயிறு கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் நினைவுக் கூட்டம் வைத்திருக்கிறீர்கள். குழுவில் தமிழில் எழுதுகிறவன் நான் ஒருவன்தான் என்பதால் நினைவு மலருக்கு ஏதாவது தரச் சொன்னீர்கள். "நல்லதா நாலு வரி மதி சாரே" என்றீர்கள். நல்லதாக நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நான் அந்த மனிதரிடம் வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னவன். அதை அவரிடம் ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் நேரம் இருந்தது, ஒப்புக்கொள்ளவில்லை. இனி யாரிடம் சொல்ல? உங்களிடம்தான் சொல்ல வேண்டும். நீங்களும் அதே ரகம்தானே.

சாலைக் கடைத்தெருவில், சாக்குக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவில் இரண்டு ஆள் அகலத்தில் இருந்தது அவருடைய தூண்டில் கடை. குளச்சல் பக்கத்துக்காரர். நான் முதல் தடவை போனபோது, கடையிலேயே தடிமனான, தங்க நிறக் கோடு போட்ட ராடு ஒன்றைக் கையில் எடுத்து நின்றேன். விழிஞ்ஞம் துறைமுகச் சுவர்ப் பாறைகளில் நின்று ரப்பர் மீன் போட்டுப் பழக வேண்டும் என்று ஆசை. ரப்பர் மீன் என்று நான் சொல்வது, ஈயத் தலை வைத்த கொக்கியில் மாட்டும் அந்த மெத்தென்ற பிளாஸ்டிக் மீனை. அண்ணன் என்னையும் ராடையும் ஒரு தடவை பார்த்தார்.

"சாரே, நீரு சுறா பிடிக்கப் போறீரா, இல்ல சுறாவுக்குப் பல்லு குத்தப் போறீரா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ராடை என் கையிலிருந்து வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, மேசைக்கடியிலிருந்து ஒரு தகரத் தட்டை எடுத்தார். உங்களுக்கு அந்தத் தட்டு நன்றாகத் தெரியும். மூன்று பாகமாகத் தடுத்து, ஒன்றில் மணல், ஒன்றில் சல்லிக்கல், ஒன்றில் சிப்பி ஓடு. அதைக் கொண்டுபோய் தெருவில் ஏழெட்டு அடி தள்ளி வைத்துவிட்டு, ரப்பர் மீனை அதில் எந்தப் பாகத்திலாவது போடுவார். நாம் கடைக்குள் நின்று கண்ணை மூடிக்கொண்டு ரீலை மெல்லச் சுற்ற வேண்டும். மீன் எதன்மேல் இழுபடுகிறது என்று கை சொல்ல வேண்டும். மணலா, சல்லியா, சிப்பியா?

"மீனு கடிக்காது சாரே. வாயில எடுத்துப் பாக்கும், பிடிக்கலேன்னா துப்பீரும். அது துப்புறதுக்கு முன்னால ஒமக்குத் தெரியணும். தெரியலேன்னா நீரு கடலுக்கு ரப்பர் தானம் பண்ணுறீரு, அவ்வளவுதான்."

தங்கக் கோட்டு ராடில் எனக்கு எல்லாம் ஒன்றுபோல இருந்தது. வேறொன்று கொடுத்தார், அது குடைக் கம்பியைப் போலத் தொளதொளவென்று ஆடியது, சல்லிகூட மணலாகத்தான் தெரிந்தது. தெருவில் மூட்டை தூக்கி வருகிறவர்களை அண்ணன் கை நீட்டி நிறுத்துவார். "ஒரு நிமிஷம் நில்லு மக்கா, சாரு மீன் பிடிக்காரு." மூட்டைக்காரர்கள் சிரிப்பார்கள், வைவார்கள், ஆனால் நிற்பார்கள். ஐந்தாவது ராடு இலேசானது. நுனி மட்டும் சட்டென்று வளைந்து நிமிரும், அடிப்பாகம் அசையாது. கண்ணை மூடினேன். சிப்பி ஓட்டின் விளிம்பு மீனைத் தட்டுவது என் ஆள்காட்டி விரலில் டக் டக் என்று வந்தது. "சிப்பி!" என்று கத்தியே விட்டேன். மூன்று தடவை மாற்றிப் போட்டார், மூன்று தடவையும் சரியாகச் சொன்னேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அதன்பிறகு அவர் செய்ததுதான் அவர் வழக்கம். மருந்துக் கடைப் பிளாஸ்திரியில் ஒரு துண்டு வெட்டி, கைப்பிடிக்கு மேலே சுற்றி ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால் பெயர் எழுதுவார். "இனி இது ஒம்ம ராடு. நாளைக்கு வந்தாலும் சரி, ஓணம் கழிஞ்சு வந்தாலும் சரி. இங்கதான் நிக்கும்." பின்னாலிருந்த மரத் தாங்கியில் கொண்டுபோய் நிறுத்துவார். பெயர் ஒட்டிய ராடை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார். அன்றைக்கே, நான் அங்கே நிற்கும்போதே, துறைமுக வேலைக்கு வந்த வடநாட்டு எஞ்சினியர் ஒருவர் அந்தத் தாங்கியில் நின்ற ஒரு ராடைக் காட்டி, அதேதான் வேண்டும், இப்போதே வேண்டும் என்று நின்றார். "அதுக்கு ஆளு உண்டு" என்று மலையாளத்தில் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அன்று சோறு கொண்டு வந்திருந்த அவர் மனைவி லீலா அக்கா வாசலிலேயே சண்டை பிடித்தார். "வராத ஆளுக்கு வச்சுக்கிட்டு வந்த ஆளைத் தொரத்துறீங்களே, இது கடையா, சத்திரமா?" அண்ணன் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து, என்ன குழம்பு என்று கேட்டார்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். பெயர் ஒட்டிய ராடைக் கையில் வாங்கி, வீட்டுக்காரிக்குக் காட்டணும் அண்ணே என்று சொல்லி ஃபோனில் படம் எடுத்தேன். "எடும், எடும்" என்று அவரே வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். அங்கிருந்து கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, பஸ்ஸுக்கு நிற்கும்போதே அந்தப் படத்தைப் பார்த்து அதே ராடை ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். அதில் விலை கொஞ்சம் சகாயம், வீட்டு வாசலில் கொண்டுவந்தும் தருவான். அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் இருந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

வந்தது அதே பெயர், அதே நிறம். ஆனால் அந்தப் பெயரில் இரண்டு வகை இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. எத்தனை கிராம் கனத்தை வீசுவதற்கான ராடு என்பது கைப்பிடிக்கு மேலே அச்சிட்டிருக்கும். படத்தில் அந்த இடத்தை மறைத்துக்கொண்டு பிளாஸ்திரி, அதில் கொட்டை எழுத்தில் என் பெயர். என் பெயரே மறைத்த ஒன்றைத் தெரியாமல் நான் கனத்த வகையை வாங்கியிருந்தேன். பாறையில் நின்று இரண்டு மாதம் வீசினேன். ரப்பர் மீன் அடியில் கிடக்கிறதா, மிதக்கிறதா, ஏதாவது வாயில் எடுத்ததா, ஒன்றும் கைக்கு வரவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் கொடுவா மீன் இழுக்கும்போது நான் வால் அறுந்த ரப்பரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் வெட்கம்கெட்டு அதை அவரிடமே கொண்டுபோனேன். துபாயிலிருந்து மச்சினன் கொண்டுவந்தான் என்றேன். எனக்கு மச்சினனே கிடையாது. அண்ணன் ராடை வாங்கினார். தட்டை எடுத்து வைத்து, தானே கண்ணை மூடி, ரீலை மெல்லச் சுற்றினார்.

"ராடு நல்லதுதான். ஆனா இது சூரை மீனுக்கு ஆழத்துல இரும்புத் துண்டு போட்டு இழுக்கிறது. ரப்பருக்கு இது செவிடு." கண்ணைத் திறந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "மச்சினன்கிட்டச் சொல்லும். அடுத்த தடவை ஒம்ம கையையும் கூட்டிட்டுப் போயி வாங்கச் சொல்லும்."

நுனி வளையத்தில் ஒரு கீறல் இருந்தது, லைனை அறுத்துவிடும் என்று சொல்லி அதை மாற்றியும் கொடுத்தார். பின்னால் தாங்கியில் என் பெயர் ஒட்டிய ராடு நின்றது. நான் அதைப் பார்ப்பதையும் அவர் பார்த்தார். அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். அதற்குப் பிறகு சாலைக் கடைத்தெருவுக்குப் போனால் அவர் கடைப் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு போவேன்.

கடை மூடிய செய்தியும் குழுவில்தான் வந்தது. "கஷ்டம்" என்று ஒருவர் எழுதினார். சில மாதம் கழித்து ஒரு நண்பரைப் பார்க்க அடுக்குமாடி ஒன்றுக்குக் காரில் போனேன். கேட்டைத் திறந்தவர் அண்ணன். நீலச் சட்டை, தோளில் பட்டை, அளவு பெரிய தொப்பி. என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"சாரே! மீனு உண்டா?"

"நேரமே இல்லண்ணே" என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். திரும்பும்போது கேட்டில் வேறு ஆள் நின்றார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. இதையும் மலரில் போடுங்கள்.

அந்த அடுக்குமாடியின் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் அவர் உயிர் போனது. அடக்கத்துக்கு நான் போகவில்லை. ஆறாம் நாள், மனசு பொறுக்காமல், விழிஞ்ஞத்தில் அவர்கள் இருக்கும் வாடகை வீட்டைத் தேடிப் போனேன். லீலா அக்கா நாற்காலி போட்டார். உட்காருவதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: படம் எடுத்தது, ஆர்டர் போட்டது, இல்லாத மச்சினன். அக்கா அழவில்லை, கோபப்படவும் இல்லை.

"அது அவருக்குத் தெரியுமே சாரே. நீங்க அந்த ராடைக் கொண்டுவந்த அன்னைக்கே வந்து சொன்னாரு."

எழுந்து கட்டிலுக்குப் பின்னால் போய், ஒரு ராடை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். கைப்பிடிக்கு மேலே பிளாஸ்திரி. அது பழுப்பேறவில்லை, வெள்ளையாகவே இருந்தது.

"கடையை ஒழிக்கும்போது பழைய பிளாஸ்திரி எல்லாம் பிஞ்சு போச்சுன்னு புதுசு வாங்கி உக்காந்து எழுதினாரு. இந்த மனுஷன்தான் வேற வாங்கிட்டாரே, இவரு பேரை எதுக்கு எழுதுறீங்கன்னு வஞ்சேன். 'வாங்கினது தப்பான ராடு. திரும்பி வருவாரு'ன்னாரு."

இதை நான் வாங்கிக்கொள்கிறேன் அக்கா, என்ன தர வேண்டும் என்று கேட்டேன். கேட்ட மறு நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன். "பேரு எழுதினதை விக்கிறதில்ல" என்றார் அக்கா. "எடுத்துட்டுப் போங்க. எடம் அடைக்குது."

கட்டிலுக்குப் பின்னால் இன்னும் பதினொரு ராடு நிற்கிறது. குனிந்து பெயர்களைப் படித்தேன். எல்லாவற்றிலும் புதுப் பிளாஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் உட்கார்ந்து, மாலை போட்டு, அவர் நம் குடும்பத்தில் ஒருவர் என்று மைக்கில் பேசப்போகிறவர்களின் பெயர்கள்தான். பாரை பிடித்தவர் பெயரும் இருக்கிறது. பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் விழிஞ்ஞத்துக்குப் போய், அந்த அக்காவின் முகத்தைப் பார்த்து, உங்கள் பெயரை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

என்னிடம் அவருடையது என்று இருப்பது இந்த ஒரு ராடுதான். நேற்று அதைப் பாறைக்குக் கொண்டுபோனேன். ரப்பர் மீன் அடி தொட்டது கைக்கு வந்தது. மணல். அப்புறம் கல். அப்புறம் ஏதோ ஒன்று வாயில் எடுத்துப் பார்த்தது, துப்பியது. எடுத்ததும் தெரிந்தது, துப்பியதும் தெரிந்தது. கொக்கியில் மாட்ட நான் வெட்டி இழுக்கவில்லை. கைப்பிடியில் அவர் கையெழுத்தில் என் பெயர் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் சொன்னபடி திரும்பி வந்தேன், அண்ணே. ஆறு நாள் பிந்திவிட்டது.