அம்மா துடைத்து வைத்த டபுள் பாஸ்

மூடிய மரப்பெட்டிக்குள் ஒரு குச்சி உருண்டால் எப்படிச் சத்தம் வரும் தெரியுமா?

கட... கட... டொக்.

இன்றும் என் காதில் அப்படியே இருக்கிறது.

அப்போது நானும் அம்மாவும் மலேசியாவில், சுங்கை லாலாங்கில் இருந்தோம். எனக்கு பேக்டரியில் காலை ஷிப்ட். வார இறுதியில் பினாங்கில் ஒரு ஹோட்டலில், சின்ன மியூசிக் பேண்ட் ஒன்றோடு டபுள் பாஸ் வாசிப்பேன். ஆளைவிட உயரமாக, வயலினுக்குப் பெரியப்பா மாதிரி நிற்குமே, அதுதான். ஓவர்டைம் காசைச் சேர்த்துச் சேர்த்து, யாரோ வாசித்து முடித்த பழைய பாஸ் ஒன்றை வாங்கியிருந்தேன். உறை போட்டு வீட்டுக்குள் இறக்கிய அன்று பக்கத்து வீட்டு அக்கா, "புது அலமாரியா கவி?" என்று கேட்டார்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜை வந்தது. வேலை முடிந்து வந்து பார்த்தால், சாமி மேசைக்கு முன்னால் பாய் விரித்து, பாஸைப் படுக்க வைத்திருந்தார் அம்மா. அதன் தலையில் சந்தனம், குங்குமம். பக்கத்தில் என் பழைய பள்ளிப் புத்தகங்கள், ஒரு தட்டில் சுண்டல். மரம் பளபளவென்று இருந்தது.

"கம்பிக்கு அடியில எவ்ளோ தூசி தெரியுமா? நாலையும் கழட்டி, நல்லா தொடச்சி, திரும்ப மாட்டிட்டேன். டைட்டா இருக்கு பாருலா."

நாலையுமா...

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாஸின் வயிற்றுக்குள், முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில் ஒரு குச்சி நிற்கும். சவுண்ட் போஸ்ட் என்பார்கள். பசை கிடையாது, ஆணி கிடையாது. கம்பிகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. அதனால் கம்பியை ஒவ்வொன்றாகத்தான் கழற்ற வேண்டும். நான்கையும் ஒரேயடியாகக் கழற்றினால் குச்சி விழுந்துவிடும். குச்சி இல்லாமல் மறுபடியும் கம்பியை முறுக்கினால்... முன்பலகை அமுங்கிப் பிளந்துவிடலாம்.

பாஸைத் தூக்கி நிறுத்தினேன். கட... கட... டொக்.

அம்மா துணிக்கொடி கட்டுவது மாதிரி முறுக்கியிருந்தார். முன்பலகை லேசாகக் குழிந்திருந்தது. உடனே கம்பிகளைத் தளர்த்தினேன்.

"என்னாச்சு கவி? ஒடஞ்சிருச்சா?"

"ஒண்ணும் இல்லமா..."

சொல்லிவிட்டேனே தவிர, முன்பலகையில் விரிசல் இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தேன். பிளந்திருந்தால் இன்னொன்று வாங்க வழியே இல்லை. என் வாசிப்பு அத்தோடு சரி.

மறுநாள் லீவு போட்டேன். பேக்டரி வேன் ஓட்டும் சேகர் அண்ணன் பினாங்குக்குக் கூட்டிப் போனார். அம்மாவை வரவே வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. ரோட்டில் ஒவ்வொரு மேட்டுக்கும் உள்ளே குச்சி உருளும். அம்மா "முருகா" என்பார். எனக்கு அந்தச் சத்தத்தைவிட இன்னொரு பயம். ரிப்பேர் கடையில் எல்லாவற்றையும் சரிபார்த்து முழுசாக செட்டப் பண்ணினால் ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும் என்று பேண்டில் சொல்லக் கேட்டிருந்தேன். அந்தக் கணக்கு மட்டும் அம்மா காதில் விழக்கூடாது.

கடைக்காரர் ஒரு சீன அங்கிள். டார்ச்சை அடித்து, குட்டிக் கண்ணாடியை முன்பலகை ஓட்டைக்குள் விட்டு எட்டிப் பார்த்தார். விரலால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். அம்மா என் முழங்கையைப் பிடித்த பிடியில் எனக்கு வலித்தது.

"தா பெச்சா," என்றார் கடைசியில். உடையவில்லை!

அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். குச்சி உயரம் பத்தாது. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் எப்போதோ வளைந்துவிட்டது. விரல் வைக்கும் பலகை மேடும் பள்ளமும். கம்பிகள் செத்துப் போய்விட்டன. எல்லாம் பழைய கோளாறு, நேற்று வந்தது அல்ல. அம்மாவுக்கு அந்த ஆங்கிலம் புரியவில்லை. விலையை மெதுவாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், அம்மா முந்திக்கொண்டு மலாயில் கேட்டுவிட்டார்.

"பிராப்பா, தவுக்கே?"

"செரிபு எம்பாட் ராத்துஸ்."

ஆயிரத்து நானூறு வெள்ளி. மாதச் சம்பளத்தை வாங்கி அப்படியே நீட்டினால் பஸ்ஸுக்குத்தான் மிஞ்சும்.

அம்மா என் முழங்கையை விட்டுவிட்டார்.

பாஸைக் கடையில் விட்டுவிட்டுத் திரும்பும் வழியில், பினாங்குப் பாலத்தின் மேல் போகும்போதுதான் அம்மா பேசினார். "ஒரு தடவ தொடச்சதுக்கு ஆயிரத்து நானூறா கவி?"

"அதுக்கு இல்லமா. அது முன்னாடியே கெட்டுப் போயிருந்துச்சு. அந்த அங்கிளே சொன்னாரு."

"சும்மா சொல்லாத."

சேகர் அண்ணன் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு ரேடியோவை அணைத்தார்.

ஓவர்டைம் காசைச் சேர்த்துக் கட்டி பாஸை எடுத்து வந்ததும் முதல் கம்பியை மீட்டினேன். சிமெண்ட் தரை அதிர்ந்தது, என் பாதத்தில் தெரிந்தது. அதுவரை நான் வாசித்ததெல்லாம் என்ன சத்தம் என்றே தெரியவில்லை! செலவுக்குப் பயந்து பயந்து அந்தக் கடைப் பக்கமே போகாமல் இருந்தவள் நான். அம்மா கழற்றியிருக்காவிட்டால் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கவே மாட்டேன். இதை எத்தனையோ தடவை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நம்பினால்தானே.

இப்போது சுங்கைப் பட்டாணியில் இருக்கிறோம். செட்டப்புக்கு அன்று கொடுத்ததைவிட அதிகமாகவே கேட்கிறார்கள். போனிலேயே கட்டிவிடுகிறேன், பெரிதாகத் தெரிவதில்லை. அன்று அந்தக் கடையில் நின்றபோது இருந்த நடுக்கமெல்லாம் என்னை விட்டுப் போய்விட்டது.

போன சரஸ்வதி பூஜைக்கும் துணியை நீட்டி, "நீ தொடச்சிடுமா," என்றேன்.

"வேணாம்லா. நீயே தொடச்சிக்கோ. என் கை பட்டா செலவு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்... இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.