நன்மை நேரத்தில் வாசித்த பஸ் ஸ்டாப் பாட்டு

1. எட்டு பார்

தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு, காலை எட்டரை மணிப் பூசை. நன்மை கொடுக்கும் நேரத்தில் என் கை சினிமாப் பாட்டு வாசித்துவிட்டது. முப்பத்தொரு வருட கீபோர்டு வாழ்க்கையில் எத்தனையோ சொதப்பியிருக்கிறேன். பாடகர் ஒரு ஸ்கேலிலும் நான் ஒரு ஸ்கேலிலும் போயிருக்கிறோம். ஆனால் பீடத்துக்கு முன்னால் மானம் போனது அன்றைக்குத்தான்.

எனக்கு இரண்டு வேலை. சனிக்கிழமைகளில் மதுராந்தகம், அச்சரப்பாக்கம், மாமல்லபுரம் ஓட்டல்கள் என்று எங்கே ரிசப்ஷன் இருந்தாலும் இன்னிசைக் குழுவில் வாசிப்பேன். ஞாயிறு காலை அதே கீபோர்டைப் பைக்கில் கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்துவிடுவேன். எங்கள் பங்குக் கோயிலில் நன்மை வாங்க, அதாவது நற்கருணை வாங்க, நிற்கும் வரிசை நீளமானது. பாடற்குழு மூன்று சரணம் பாடி முடித்தாலும் வரிசை பாதிதான் நகர்ந்திருக்கும். மிச்ச நேரத்தை நான் மெதுவாக ஏதாவது வாசித்து நிரப்புவேன். அதற்கு ஃபில்லிங் என்று பெயர். தவக்காலத்தில் பாட்டுக்குத் துணையாக மட்டுமே வாத்தியம் வாசிக்க வேண்டும் என்பது விதி. விதி எனக்கும் தெரியும். ஆனால் கோயில் சத்தமில்லாமல் கிடந்தால் கீபோர்டுக்காரனுக்குக் கை சும்மா இருக்காது.

அன்று பாடிய ஞானப்பாட்டும், முந்தின நாள் ரிசப்ஷனில் மூன்று முறை ஒன்ஸ்மோர் கேட்ட பாட்டும் ஒரே ஸ்கேல். டோனும் அதே புல்லாங்குழல். கை தானாக அந்தப் பாட்டின் ஆரம்ப பிட்டுக்கு, வார்த்தை தொடங்கும் முன் வரும் இசைக்கு, போய்விட்டது. எட்டு பார், அதாவது எட்டுத் தாளச் சுற்று, முழுசாக வாசித்த பிறகுதான் பாடற்குழு ஜெசிந்தா டீச்சர் என் முதுகில் பாட்டுப் புத்தகத்தால் ஒன்று வைத்தார். வரிசையில் நின்ற காலேஜ் பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். பங்குத்தந்தை ஃபாதர் இன்னாசி நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பெண்கள் பக்கம் லூர்து அக்கா மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

2. டீ குடித்துவிட்டு வருகிறவர்

பூசை முடிந்ததும் ஃபாதர் கூப்பிட்டார்.

“ஆரோக்கியம், நீங்க பூசைக்கு வந்தீங்களா, ரிசப்ஷனுக்கு வந்தீங்களா?”

“கை தவறிப் போச்சு ஃபாதர்.”

“எட்டு பாருமா தவறிச்சு? அடுத்த ஞாயிறு கீபோர்டு வேணாம். கைக்கு ரெஸ்ட் குடுங்க.”

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தால், என் பைக் பக்கத்தில் லூர்து அக்கா நிற்கிறார். செங்கல்பட்டில் ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரர் இல்லை. டேனியல் என்று ஒரே மகன். ஒரு வருடத்துக்கும் மேலாக அக்கா நன்மை வாங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். கீபோர்டு இடத்திலிருந்து பார்த்தால் யார் எழுந்து போகிறார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். பூசைக்கு முன்னால் கோயில் வாசலில் இருக்கும் டீக்கடையில் அவர் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். நன்மைக்கு ஒரு மணி நேரம் முன்பே சாப்பாடு, டீ எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். டீ குடித்தவர் வரிசைக்கு வரவில்லை என்றால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அதற்காகத்தான் அந்த டீ.

“அந்தப் பாட்ட இன்னாத்துக்குடா வாசிச்ச?” என்றார்.

“சாரிக்கா. தெரியாம வாசிச்சிட்டேன்.”

“திட்டல. நான் டூட்டி முடிஞ்சி வரச்சொல்லோ டேனியல் இதோ இந்த பஸ் ஸ்டாப்லதான் வண்டிய வெச்சிக்கினு நிப்பான். நான் இறங்கினதும் இந்தப் பாட்டத்தான் பாடுவான். டிவில வந்தாகூட இப்ப ஆஃப் பண்ணிடறேன்.”

டேனியல், தன்னோடு வேலை பார்த்த கவிதாவை ஒன்றரை வருடத்துக்கு முன் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டான். கோயிலில் இல்லை, அம்மாவிடம் சொல்லவும் இல்லை. அக்கா சொன்ன வார்த்தை, இனி இந்த வூட்டு வாசப்படி மிதிக்காதே என்பது. செங்கல்பட்டில் குடியிருக்கும் அவன் போன் செய்வான், இவர் எடுக்க மாட்டார்.

“ஃபாதர்கிட்ட பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணிடலாமேக்கா?”

“போனா மன்னிச்சுட்டியான்னு கேப்பாரு. மன்னிக்காம மன்னிச்சேன்னு சொல்றதா? உள்ள இவ்ளோ கோவம் கீது. இத வெச்சிக்கினு கை நீட்டி வாங்கறதுக்குப் பதிலா நான் டீயே குடிச்சிடறேன்.”

கீபோர்டைப் பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். 

3. ரிதம் ஆஃப்

அந்தப் பாட்டை நான் இருநூறு மேடையிலாவது வாசித்திருப்பேன். கார்டு என்கிற சுர அடுக்கு தெரியும், பிட் தெரியும், டிரம்ஸ் எங்கே நிற்கும் என்று தெரியும். வார்த்தை தெரியாது. பாடுவது பாடகர் வேலை என்று விட்டுவிட்டேன். வீட்டுக்குப் போய் முதல் தடவையாக இயர்போன் மாட்டிக் கேட்டேன்.

படத்தின் பெயர் வேண்டாம், சொன்னால் பேச்சு ஹீரோவைப் பற்றிப் போய்விடும். பாட்டில் வரும் கதை இதுதான். சண்டை போட்டுக்கொண்டு மகள் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். அப்பா தினமும் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருக்கிறார். எந்த பஸ்ஸில் வருவாள் என்று தெரியாததால் வருகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழுந்து நிற்கிறார். கடைசிச் சரணத்தில் அவள் இறங்குகிறாள். எங்கே போனாய், ஏன் வந்தாய் என்று ஒன்றும் கேட்கவில்லை. பையை வாங்கிக்கொண்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறார். இந்தப் பாட்டுக்குத்தான் நாங்கள் குத்து ரிதம் போட்டு, மாப்பிள்ளையின் நண்பர்களை ஆட வைத்துக்கொண்டிருந்தோம். வெட்கமாக இருந்தது. கண்ணும் கலங்கிவிட்டது.

மறுநாள் ஃபாதர் இன்னாசியிடம் போய், ஒன்றும் சொல்லாமல் இயர்போனை நீட்டினேன். முறைத்தார். பிறகு வாங்கி மாட்டிக்கொண்டார். முழுசாகக் கேட்டார். கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“வர்ற ஞாயிறு சுவிசேஷம் என்ன தெரியுமா?”

“ஊதாரி மகன் உவமை, ஃபாதர்.”

“நானும் வருஷக்கணக்கா பிரசங்கம் வெக்கிறேன். மகன் தூரத்துல வரும்போதே அப்பா பாத்துட்டார்னா, அவர் தினம் ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தார்னுதானே அர்த்தம்? இவரு பஸ் ஸ்டாப்ல உக்காந்த மாதிரி.” பிறகு விரலை ஆட்டினார். “ஆனா பூசையில கிடையாது. வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை ஜெபம் முடிஞ்சதும் ஹால்ல கஞ்சி குடுப்போமில்ல, அங்க வாசிங்க. ஞாயித்துக்கிழமை தண்டனையும் அப்படியே இருக்கு.”

வெள்ளிக்கிழமை ரிதமை ஆஃப் செய்துவிட்டு, வெறும் கார்டு பிடித்தேன். ஜெசிந்தா டீச்சர் மெதுவாகப் பாடினார். கஞ்சி டம்ளரோடு நின்றவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். பாட்டு முடிந்ததும் ஃபாதர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இந்தக் கதையில நீங்க யாரு?”

ஓடிப்போன மகள் என்று எல்லாரும் சொன்னார்கள். நாங்கள் எல்லாம் பாவிகள், திரும்பி வர வேண்டியவர்கள் என்றுதானே சின்ன வயதிலிருந்து படித்திருக்கிறோம். பின்னாலிருந்து லூர்து அக்கா எழுந்தார்.

“நான் அந்த அப்பா, ஃபாதர். ஆனா நான் பஸ் ஸ்டாப்புக்குப் போகல. வூட்டுக் கதவ சாத்திக்கினு உக்காந்துக்கினேன்.”

 ஃபாதர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. நல்ல சாமியார்.

கஞ்சி அண்டாவுக்குப் பக்கத்திலேயே நின்று அக்கா மகனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டது அவருக்கே தெரியவில்லை.

“அம்மா? உடம்பு ஏதாச்சும்...”

“நல்லாத்தான் கீறேன். ஞாயித்துக்கிழமை காலைல அந்தப் பொண்ண இட்டுக்கினு வா.”

அந்தப் பக்கம் கவிதாவிடம் ஏதோ சொல்லும் சத்தம் கேட்டது. பிறகு, “கார்ல வந்துடறோம்மா.”

“கார்ல வந்தா நான் எங்கடா நிக்கறது? பஸ்ல வா.”

4. மூன்றாவது பஸ்

கீபோர்டு இல்லாத ஞாயிறு என்பதால் நானும் ஏழு மணிக்கே பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டேன். அக்கா எனக்கு முன்னால் வந்திருந்தார். மடியில் ஒரு டிபன் டப்பா. செங்கல்பட்டிலிருந்து முதல் பஸ் வந்தது. எழுந்து நின்றார். இல்லை. இரண்டாவது வந்தது. மறுபடி எழுந்தார். முழங்கால் வலிக்காரர், ஒவ்வொரு தடவையும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. “உக்காருக்கா, வந்தா நான் சொல்றேன்” என்றேன். “நீ சும்மா இரு” என்றார்.

எட்டு மணி தாண்டி வந்த மூன்றாவது பஸ்ஸில் டேனியல் இறங்கினான். பின்னாலேயே கவிதா, கையில் பூவும் பழமும் வைத்த பையோடு, பயந்த முகத்தோடு. அக்கா பையை வாங்கிக்கொண்டார். கவிதாவின் முகத்தைப் பார்த்து, “சாப்டியாம்மா?” என்றார்.

“இல்ல அத்த” என்றாள் கவிதா. டேனியல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து டப்பாவைத் திறந்து இரண்டு பேருக்கும் இட்லி வைத்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடைக்காரரிடம் நாலு டீ சொன்னேன்.

“மூணு சொல்லு” என்றார் அக்கா.

“ஏன்க்கா? வாராவாரம் குடிக்கறதுதான?”

“இன்னிக்கு வோணாம்டா ஆரோக்கியம். நன்மை வாங்கணும்.”

முந்தின நாள் சாயங்காலம் பாவசங்கீர்த்தன வரிசையில் அவரைப் பார்த்ததாக ஜெசிந்தா டீச்சர் பிறகு சொன்னார்.

அன்று பூசையில் நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டேனியல் கல்யாணம் கோயிலில் இன்னும் நடக்காததால் நன்மை வாங்க முடியாமல் அவனும் கவிதாவும் இடத்திலேயே இருந்தார்கள். பாடற்குழு மூன்று சரணம் பாடி நிறுத்திவிட்டது. வழக்கம்போல வரிசை பாதிதான் நகர்ந்திருந்தது. கீபோர்டு இல்லை. வெறுங்கால்கள் தரையில் நகரும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தில் லூர்து அக்கா காலைத் தாங்கித் தாங்கி நடந்து போய், பீடத்துக்கு முன்னால் இரண்டு கையையும் நீட்டினார். “ஆமென்” என்று அவர் சொன்னது கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்டது.

தண்டனை முடிந்து அடுத்த வாரமே கீபோர்டில் உட்கார்ந்துவிட்டேன். ரிசப்ஷனில் அந்தப் பாட்டை இப்போதும் குத்து ரிதத்தில்தான் வாசிக்கிறேன், கல்யாண வீட்டில் அழ வைக்க முடியுமா. ஆனால் புதுப் பாட்டு எது வந்தாலும் ஒரு தடவை ரிதம் இல்லாமல் வார்த்தையைக் கேட்காமல் மேடை ஏறுவதில்லை. என் பின்னால் வருகிற கீபோர்டுக்காரர்களுக்கும் அதையே சொல்கிறேன். இன்னொன்றும் உண்டு. நன்மை நேரத்தில் பாட்டு முடிந்தால் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் ஃபில்லிங் வேண்டாம்.