யாரைக் கேட்டு அடித்தார்கள் சிவப்பு

கழிப்பறை என்று எழுதினால் நாகரிகமாக இருக்கும். ஆனால் வேலாத்தாள் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பாத்ரூம் என்பார்கள். செக்கிங் பெண்களுக்கென்று அங்கே மூன்று பாத்ரூம்கள் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவாக இருந்தபோது, மூன்றுக்கும் ரத்தச் சிவப்பில் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். சுவர், கதவு, மேலே கூரை, ஒன்றையும் விடவில்லை. அப்படி அடிக்கச் சொன்னவர் தன் வீட்டில் அப்படி ஒரு பாத்ரூம் வைத்துக்கொள்வாரா என்று கேட்காமல் இந்தக் கதையைத் தொடங்க முடியாது.

வேலாத்தாளுக்கு ஊர் அவிநாசிபாளையம். பாவாடை சட்டை போட்ட வயதில் பனியன் கம்பெனிக்குக் கைமடியாக வந்தாள். டெய்லர் தைத்துத் தள்ளுகிற துணியை வாங்கி, பிசிறு வெட்டி, மடித்து அடுத்த கைக்குக் கொடுக்கிற வேலை. இப்போது செக்கிங்கில் இருக்கிறாள். ட்யூப் லைட் வெளிச்சத்தில் ஒவ்வொரு பீஸையும் விரித்துப் போட்டு, கறை இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்துத் தள்ள வேண்டும். காலையிலிருந்து பொழுது சாயும்வரை நின்றுகொண்டேதான் பார்க்க வேண்டும். உட்காருவதற்கு அந்தப் பெண்களுக்கு இருந்த ஒரே இடம் பாத்ரூம்தான். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. கால் கடுத்துப்போன பெண் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் தனியாக மூச்சு விடுவதற்கு அங்கே வேறு எந்த மூலை இருக்கிறது?

அவள் புருஷன் நல்லான் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவன். அன்றைக்கு என்ன கலர் ஓடியது என்பதை அவன் கையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஒரு நாள் நீலக் கை, ஒரு நாள் கருப்புக் கை. எவ்வளவு சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் சாயம் நிற்கும். அந்தக் கையோடுதான் சோறு பிசைவான். “இன்னிக்கு மைனாக் கலருங்களா?” என்று வேலாத்தாள் கேலி செய்வாள். ஒரு நாள் அவன் வண்டியை லாரி தட்டிவிட்டது. ஆள் வந்து சொல்லி, அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது நல்லான் ரோட்டோரம் கிடந்தான். சட்டையெல்லாம் சிவப்பு. பட்டறையில் சிவப்பு ஓட்டியிருக்கிறார்கள், சாயம் கொட்டிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். கிட்டே போய்த் தொட்டுப் பார்த்த பிறகுதான் விஷயம் உறைத்தது. சாயப்பட்டறைக்காரன் பெண்டாட்டிக்கு மட்டும் வரக்கூடிய அந்தப் பிசகை அவளால் இன்றுவரை மறக்க முடியவில்லை. சிவப்பு பீஸ் வந்தால் பார்ப்பாள், தள்ளுவாள், அது வேலை. சுற்றிலும் சிவப்பாக இருக்கிற இடத்தில் மட்டும் அவளுக்கு நெஞ்சு படபடக்கும்.

நல்லான் போன பிறகு சொந்தக்காரர்கள் ஒரு கட்டு வெளுத்த சேலைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். கண்ணில் அடிக்கிற கலர் இனி ஆகாது என்றார்கள். வேலாத்தாள் அவற்றை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, கிளிப்பச்சைச் சேலை கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். கம்பெனி வேன் ஏறும் இடத்தில் நான்கு பேர் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். “பச்சையைப் பார்த்தாத்தானுங்க எனக்கு உசுரு இருக்கறது தெரியுது. அது உங்களுக்குப் பொறுக்கலையா?” என்று கேட்டுவிட்டு ஏறிக்கொண்டாள். தன் மேல் எந்தக் கலர் இருக்க வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்கிற ஆள் என்று அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

இப்படிப்பட்டவள் இருந்த கம்பெனிக்குத்தான் சுபஸ்ரீ என்ற அம்மா வந்தார். கலரால் மனசையும் உடம்பையும் சரி செய்வது பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவர். முதலாளி மகுடேஸ்வரன் எங்கேயோ கேட்டு மயங்கிப்போய்க் கூட்டிவந்திருந்தார். மெஷினை நிறுத்தி எல்லாரையும் தரையில் உட்கார வைத்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, அந்த அம்மா நன்றாகவே பேசினார். பச்சை கண்ணுக்கு ஓய்வு தரும் என்றார். மஞ்சள் சோர்ந்த மனசைத் தூக்கி நிறுத்தும் என்றார். வெளிர்நீல அறையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மனசு வராது, அவ்வளவு அமைதி என்றார். சிவப்பு அப்படி இல்லை, நாடித்துடிப்பைக் கூட்டும், சிவப்பு அறையில் மனிதரால் ரொம்ப நேரம் உட்கார முடியாது என்றார். பெண்கள் ஆர்வமாகக் கேட்டார்கள். தன் நெஞ்சுக்குத் தெரிந்ததை ஒருவர் மைக்கில் சொல்கிறாரே என்று வேலாத்தாளுக்குக்கூட மரியாதை வந்தது. முதலாளி முன்வரிசையில் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

அவர் தலையாட்டியது எதற்கு என்பது அடுத்த வாரம் தெரிந்தது. முதலாளியின் ஆபீஸ் அறைக்கு வெளிர்நீலம் அடித்தார்கள். செக்கிங் ஹாலுக்கு ஒன்றும் கிடையாது, பழைய அழுக்குச் சுண்ணாம்பே போதும். பெண்களின் பாத்ரூமுக்கு மட்டும் சிவப்பு. போதாததற்கு ஒவ்வொன்றிலும் கண்ணைக் கூசுகிற ஒரு பெரிய பல்பு. அத்தனை கலரைப் பற்றிக் கேட்டுவிட்டு, மனிதருக்கு இதம் தருகிற கலரைத் தனக்கும், மனிதரை விரட்டுகிற கலரைத் தன்னிடம் வேலை செய்கிற பெண்களுக்கும் எடுத்துக்கொள்ள எப்படிப்பட்ட மனசு வேண்டும்! நாய் வந்து படுக்கிற இடத்தில் தண்ணீர் ஊற்றி வைப்பார்களே, அந்தக் காரியம்தான் இது.

முதல் நாள் பெண்கள் சிரித்தார்கள். இரண்டாம் நாள் யாரும் சிரிக்கவில்லை. உள்ளே போனவர்கள் சேலையைச் சரிசெய்தும் செய்யாமலும் வெளியே வந்தார்கள். வேலாத்தாள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். பல்பு வெளிச்சத்தில் மூடிய இமைக்குள்ளும் சிவப்பே தெரிந்தது. ரோட்டோரம் கிடந்த சட்டை தெரிந்தது. நெஞ்சு அடித்த அடியில் வந்த காரியமும் நடக்கவில்லை, எழுந்து ஓடிவந்துவிட்டாள். அதன் பிறகு அவள் செய்ததைத்தான் அங்கே பல பேர் செய்தார்கள். தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். குடித்தால்தானே போக வேண்டும்!

உடம்பு சும்மா இருக்குமா? நீர்க்கடுப்பு வந்தது. அடிவயிற்றில் எரிச்சல், இடுப்பில் குத்தல், காய்ச்சல். டாக்டர் வேலாத்தாளைத் திட்டாத குறை. தண்ணீர் குடிக்கவில்லை என்றால் கிட்னி கெட்டுவிடும், அப்புறம் என்னிடம் வந்து அழாதே என்றார். அவள் சூப்பர்வைசர் தங்கதுரையிடம் போய் நின்றாள். அவளைவிடச் சின்னவன், அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

“ஏனுங்க தங்கதுரை, அந்தச் செவப்பை மாத்தச் சொல்லுங்க. உள்ள உக்கார முடியலீங்க. தண்ணி குடிக்காம உடம்பு கெட்டுப்போச்சு.”

“செவப்பு லட்சுமிகரமுங்க அக்கா. பாத்துப் பாத்து அடிச்சிருக்காங்க, நீங்க குத்தம் சொல்றீங்களே.”

“லட்சுமிகரமா இருந்தா மொதலாளி ரூமுக்கு ஏனுங்க அடிக்கல?”

அவன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். யாரும் கூப்பிடவில்லை, சும்மா வைத்துக்கொண்டான். மாதக்கணக்கில் இப்படியே போயிற்று. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். இருபது பெண்கள் சேர்ந்து சொன்னாலும் அது அந்தக் கம்பெனியில் காற்றோடு போகிற பேச்சு.

ஆயுத பூஜை வந்தது. பனியன் கம்பெனிப் பெண்களுக்கு அதுதான் பெரிய பண்டிகை. எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே கலரில் சேலை எடுப்பார்கள். எந்தக் கலர் என்பதில் வருஷா வருஷம் சண்டை நடக்கும், கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பவர்களும் உண்டு. அந்த வருஷம் வேலாத்தாளின் கிளிப்பச்சை ஜெயித்தது. மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், பூ. பொரி, சுண்டல். முதலாளி குடும்பத்தோடு வந்திருந்தார். பச்சைச் சேலைகளைப் பார்த்துவிட்டு, நாற்றங்காலில் வந்து நிற்பது போல இருக்கிறது என்று முதலாளியம்மா இந்துமதி சொன்னார். பார்க்கிறவர்களுக்கே மனசு குளிர்ந்தது.

அன்றைக்கென்று ஆபீஸ் பாத்ரூமில் குழாய் உடைந்து தண்ணீர் வரவில்லை. அவசரத்துக்கு இந்துமதி பெண்களின் பாத்ரூமுக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

“ஏனுங்க, இதென்ன கறிக்கடையா? ஒரு நிமிசம் நிக்க முடியல, தலை கிறுகிறுங்குது. யாருங்க இந்தக் கலரை அடிக்கச் சொன்னது?” என்று புருஷனைக் கேட்டார்.

முதலாளி வாயைத் திறப்பதற்குள் வேலாத்தாள் முன்னால் வந்துவிட்டாள். “நாங்க ரொம்ப நேரம் உக்காரக் கூடாதுன்னு மொதலாளிதானுங்க அடிக்கச் சொன்னாங்க. நீங்க ஒரு நிமிசத்துல வந்துட்டீங்க. நாங்க தெனமும் போறமுங்க.”

“வேலாத்தா, நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது?” என்றார் மகுடேஸ்வரன். பிறகு மனைவியைப் பார்த்துக் குழைந்தார். “நாளைக்கே மாத்திப்போடலாம் விடு.”

பாருங்கள் நியாயத்தை! இத்தனை பெண்கள் நோயில் விழுந்து மாதக்கணக்கில் கேட்டதற்குக் கிடைக்காத பதில், ஒரு பெண்ணுக்குத் தலை கிறுகிறுத்ததும் நின்ற இடத்தில் கிடைத்துவிட்டது. ஆனாலும் பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். யாரால் மாறினால் என்ன, மாறினால் சரி என்று பொரியைத் தின்றுகொண்டே பேசிக்கொண்டார்கள்.

லீவு முடிந்து வந்தபோது புதுப் பெயிண்ட் வாசம் அடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தார்கள். முதல் பாத்ரூம் மட்டும் வெளிர்நீலமாகியிருந்தது. உள்ளே புது வாளி, சோப்பு, சுவரில் கண்ணாடி. வெளியே ஒரு பெரிய பூட்டு. மற்ற இரண்டும் அதே சிவப்பு. அதாவது, முன்பு மூன்று பாத்ரூமாவது இருந்தது, இப்போது இரண்டாகக் குறைந்துவிட்டது. வெட்கம் என்கிற ஒன்று இருப்பவர்கள் இப்படிச் செய்வார்களா?

வேலாத்தாள் நேராகத் தங்கதுரையின் மேஜைக்குப் போனாள்.

“சாவி குடுங்க.”

“அது ஒரம்பரைக்குங்க அக்கா. மொதலாளி ஊட்டு ஆளுக, வெளியூர்ல இருந்து வர்றவங்க, அவங்களுக்கு.”

“அவங்களுக்கு மட்டுந்தான் நெஞ்சு படபடக்குமா? எங்களுக்கு நெஞ்சே இல்லைங்களா?”

“நான் என்னங்க பண்றது? சொன்னதைச் செய்யறேன்.”

அவள் திரும்பிப் போய்த் தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்தாள். தங்கதுரை முன்னால் நின்று மடமடவென்று முழுசாகக் குடித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் வயிறு நிறையக் குடித்த தண்ணீர் அதுதான். பிறகு தங்கதுரையின் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஹாலின் நடுவில் உட்கார்ந்தாள். செக்கிங் பெண் நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஹால் பார்த்ததில்லை.

“எனக்குச் செத்த நேரத்துல வருமுங்க. சாவி குடுத்தா அங்க போறேன். குடுக்கலீன்னா இங்கயே, உங்க சேர்லயே. எனக்கு வெக்கமில்லைங்க. வெக்கப்பட வேண்டியவங்க வேற ஆளுக.”

தங்கதுரை பல்லைக் காட்டிச் சமாளிக்கப் பார்த்தான். அதற்குள் பக்கத்து மேஜைப் பெண் பீஸைக் கீழே வைத்துவிட்டுத் தன் பாட்டிலைத் திறந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. இந்த ஊர்ப் பேச்சே சரியாகப் புரியாத ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு இது மட்டும் நன்றாகப் புரிந்தது, அவர்களும் குடிக்க ஆரம்பித்தார்கள். மெஷின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. டெய்லர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஹால் முழுக்கப் பெண்கள் அண்ணாந்து தண்ணீர் குடிக்கிற சத்தம்தான் கேட்டது. தங்கதுரை பூட்டைப் பார்த்தான், பாட்டில்களைப் பார்த்தான், தன் நாற்காலியைப் பார்த்தான். முதலாளிக்குப் போன் போட்டான், இந்தத் தடவை நிஜமாகவே. உடனே வாங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான். சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

வேலாத்தாள் பூட்டைத் திறந்தாள். பூட்டையும் சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சுற்றிலும் வெளிர்நீலம், மழை விட்ட காலை வானம் போல. நெஞ்சு படபடக்கவில்லை. எரிச்சலோடுதான் போயிற்று, ஆனால் போயிற்று. அவளுக்கு அழுகை வந்தது. இந்த நீலம் இத்தனை நாளும் ஒரு டப்பாவில் அடைத்து எங்கேயோ கடையில் இருந்திருக்கிறது, ஒரு மனிதர் ஒரு வார்த்தை சொன்னால் வந்திருக்கும் என்று நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது. எழுந்திருக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வரிசை நீண்டது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. தங்கதுரைதான் தூரத்தில் நின்று கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

“அக்கா, ரொம்ப நேரமாச்சுங்க. மொதலாளி வந்துட்டு இருக்காரு.”

“வரட்டும் கண்ணு,” என்றாள் வேலாத்தாள் உள்ளேயிருந்து. “இந்தக் கலர்ல உக்காந்தா எந்திரிக்க மனசு வராதுன்னு மைக்குல சொன்னாங்கல்ல? அவரும் தலையாட்டுனாரு. நெசந்தான், வரல.”