தாமல் ஏரிக்கரையில் கழன்ற பெடல்

என் அப்பா நமச்சிவாயம் பிள்ளையார்பாளையத்தில் இருபத்தாறு வருஷம் சைக்கிள் கடை வைத்திருந்தார். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். தறிக்குழியில் உட்கார முழங்கால் இடம் கொடுக்காததால் ஸ்பானரைப் பிடித்தார். இந்த மாதம் மூன்றாம் தேதி காலமானார். பதினாறாம் நாள் நினைவு மலருக்கு அவர் வாழ்க்கையை எழுதித் தரச் சொல்லி உறவினர்கள் கேட்டார்கள். ஒரு நாளை மட்டும் எழுதுகிறேன்.

1977 டிசம்பர். புயலில் வீடிழந்தவர்களுக்காக, வழியெங்கும் துணி சேகரித்துக்கொண்டு வேலூர் வரை சைக்கிளில் போக நெசவாளர்கள் பதினெட்டுப் பேர் கிளம்பினார்கள். வண்டிகளைச் சரிபார்த்துக் கூடவே வருவது அப்பாவின் பொறுப்பு. நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல், கடைசி வருஷம். "ஆறு வண்டி நீ பாருடா, கூடவே வா" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

பெடல் தண்டை அச்சோடு பிணைப்பது காட்டர் பின். அப்பா அதைச் சுத்தியால் அடித்து இறக்கிவிட்டுத்தான் நட்டைப் போடுவார். எனக்கு அது படிக்காதவர் வேலையாகத் தெரிந்தது. நட்டைத் திருகியே பின்னை உள்ளே இழுத்தேன். தன் வண்டிக்காகக் காத்திருந்த கோதண்டபாணி, "இன்னா தம்பி, சத்தமே காணோம். கடிகாரமா ரிப்பேர் பண்ணிக்கினு இருக்கே?" என்று சிரித்தார்.

தாமல் ஏரிக்கரை மேட்டில் கோதண்டபாணி எழுந்து நின்று மிதித்தார். காட்டர் பின் கழன்று தண்டு சுழன்றது. விழுந்ததில் தோள் எலும்பு முறிந்தது.

குழுவுக்குத் தலைவரான சபாபதி, ரோட்டில் கிடந்த பின்னைப் பொறுக்கி நீட்டினார். "யாருப்பா இத மாட்டினது?"

அப்பா வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்னின் தலையில் அடிபட்ட தடம் இல்லை. என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான். கண்ணு முன்ன மாதிரி இல்லபா."

"உன்ன நம்பித்தானே எல்லாரும் ஏறிக் குந்திக்கினு வந்தோம்? நீ திரும்பிப் போயிடு, நமச்சிவாயம். உன் புள்ள படிச்சவன், அவன் வரட்டும்."

நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு லாரியை நிறுத்திக் கோதண்டபாணியை ஏற்றினார்கள். அப்பாவும் ஏறினார். ஏறுமுன் சுத்தியலை என் கையில் வைத்து, யாருக்கும் கேட்காமல், "நீ பாத்த மத்த அஞ்சு வண்டியையும் அடிச்சு இறக்கிட்டு அப்புறம் கிளம்பு" என்றார்.

அடித்தேன். அஞ்சும் உள்ளே இறங்கின. வேலூரில் எனக்கும் மாலை போட்டார்கள். கழுத்தை நீட்டினேன்.

மறுநாள் வீட்டுக்கு வந்தபோது அப்பா அதைப் பற்றிக் கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை. தெருக்காரர்கள் அவர் கடையைத் தாண்டி வேறு கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. போய்விட்டேன்.

சாவு வீட்டுக்குக் கோதண்டபாணி வந்திருந்தார். இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. "வயசானா கை தவறத்தான் செய்யும். நான் மனசுல வெச்சுக்கல தம்பி" என்றார். அப்போதும் தலையைத்தான் ஆட்டினேன்.

அந்தப் பின்னை மாட்டியவன் நான். மலர் அச்சாகி வந்ததும் முதல் பிரதியைக் கோதண்டபாணி வீட்டுக்கு நானே கொண்டுபோகிறேன். அவர் படித்து முடிக்கும் வரை வாசலில் நிற்பேன்.