தரங்கம்பாடியில் கொடுத்த பத்திரிகை

பேய், சகுனம் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். தஞ்சாவூரில் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவன் வேறு. நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள், தாராளமாகச் சிரியுங்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

என் அண்ணன் செல்வத்துக்கு நாற்பத்தொரு வயதில்தான் கல்யாணம் கூடிவந்தது. அப்பா போன பிறகு நெல் அறுப்பு மெஷின் ஓட்டி என்னைப் படிக்கவைத்து, எனக்குக் கல்யாணமும் செய்துவைத்தவன், தனக்கென்று பெண் பார்க்க அவனுக்கு நேரமே வரவில்லை. தை மாதம் தேதி குறித்ததும் குடவாசலிலிருந்து காரை எடுத்துக்கொண்டு இருவருமாகப் பத்திரிகை வைக்கக் கிளம்பினோம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் என்னிடம் ஒன்றையே சொல்வான்.

"உள்ள போயி உக்காந்து, தட்டுல வச்சுக் குடுடா. ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டு வா."

நாலாம் நாள் தரங்கம்பாடி. அப்பாவுக்குத் தூரத்துத் தங்கை ஒருத்தர், நாங்கள் பார்த்தே இராத அத்தை, டேனிஷ் கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். உச்சிவெயில். முதல் நாள் ராத்திரி முழுக்க அறுப்பு என்பதால் அண்ணன் காரிலேயே தூங்கிவிட்டான். எனக்குப் பசி, எரிச்சல், முகம் தெரியாத அத்தைக்கு இவ்வளவு மரியாதையா என்று முனகிக்கொண்டே இறங்கினேன்.

அகலமான தெரு, அந்தக் காலத்து வெள்ளைக்காரன் கட்டிய வீடுகள், தெரு முடிகிற இடத்தில் கடல். ஆள் நடமாட்டம் இல்லை. அடையாளம் சொன்ன வீட்டு வாசலில் ஐம்பது வயது இருக்கும் ஒரு பெண், ஒல்லியாக, உயரமாக, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாங்க என்று சொல்லவில்லை. நானும் படியேறவில்லை. தெருவில் நின்றபடியே பத்திரிகையை நீட்டி, "குடவாசல்லேருந்து வர்றேன். எங்க அண்ணன் செல்வத்துக்காக வந்தேன். அவசியம் வந்துடுங்க" என்றேன்.

அவர் பத்திரிகையைப் பிரிக்காமல் என்னையே பார்த்தார். "தண்ணி?"

"வேணாங்க, அவசரம்" என்று திரும்பினேன். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

நாலு அடி வைத்திருப்பேன், பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம். நான் நின்ற இடத்தில் அந்தப் பெண் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். நம்பினால் நம்புங்கள், அடுத்த வீட்டுக் கதவும் திறந்தது, ஒரு பெண் குடத்தோடு வந்து தெருவில் ஊற்றினாள், அப்புறம் எதிர்வீடு, அப்புறம் அதற்கடுத்தது, நான் நடக்க நடக்க இரண்டு பக்கமும் ஊற்றிக்கொண்டே வந்தார்கள், ஒருத்திகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் என் காலை நனைத்து ஓடியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் தாத்தா, பண்ணை வீட்டுச் சாவுகளுக்குச் சேதி சொல்ல ஊர் ஊராக நடக்கவைக்கப்பட்டவர். சாவு சேதி சொல்லப் போகிறவன் படியேறக் கூடாது, உட்காரக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அவன் போனதும் அவன் நின்ற இடத்தில் தண்ணீர் ஊற்றுவார்கள். இதெல்லாம் அப்பா சொல்லிக் கேட்டது. அண்ணன் கல்யாணத்தை நான் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

காருக்கு ஓடினேன். அண்ணன் கண்விழித்தான். "என்னடா காலெல்லாம் ஈரம்? அத்தை வீட்டுல உக்காந்தியா?"

"உக்காந்தேண்ணே."

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன்."

திரும்பிப் பார்த்தேன். தெரு காய்ந்து கிடந்தது. திரும்பிப் போய் முறையாகக் கொடுத்திருக்கலாம். பயம், வெட்கம், போகவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, "ரெண்டு மா வயல்தான், மத்தியானத்துக்குள்ள வந்துடுறேன்" என்று மெஷினை எடுத்துக்கொண்டு போனான். நாங்கள் பந்தலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தோம். பதினோரு மணி வாக்கில் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, தரங்கம்பாடியில் நான் பத்திரிகை கொடுத்த அந்தப் பெண் பந்தலுக்குள் வந்து, அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

"கல்யாண வீட்டுல வந்து ஒப்பாரி வைக்கிறியே, யாரும்மா நீ?" என்று அம்மா பிடித்துத் தள்ளினாள்.

அவர் என்னைக் காட்டினார். "இந்தத் தம்பிதானேக்கா நேர்ல வந்து சொல்லிச்சு."

ஆளுக்கு ஆள் திட்டி வெளியே அனுப்பினோம். அவர் தெருவைத் தாண்டியிருக்கமாட்டார், போன் வந்தது. வாய்க்கால் கரையில் ஏறும்போது மெஷின் கவிழ்ந்துவிட்டது. அண்ணன் அடியில் இருந்தான்.

நிஜமான அத்தை மறுநாள் எடுப்பதற்குள் வந்து சேர்ந்தார். குள்ளமானவர், கண்ணாடி போட்டவர். தனக்குப் பத்திரிகையே வரவில்லை என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

வருஷம் மூன்றாகிவிட்டது. அம்மா சில நாள் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வாள். "அன்னிக்கு அங்க போயி என்னடா சொன்னே?"

"பத்திரிகைதாம்மா குடுத்தேன்."

"எப்படிக் குடுத்தே?"

நான் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிடுவேன்.