கிங்ஸ்லியின் கையெழுத்து

கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்துக்கொண்டு போகிறான் கிங்ஸ்லி. உதடு முணுமுணுக்கிறது, விரல் திரையைத் தொட்டுத் தொட்டு ஏறுகிறது. "மேலருந்து படிச்சா எழுதுனவன் நெனச்சதுதான் நமக்கும் தோணும். கீழருந்து வந்தாத்தான் திருடன் கண்ணு வரும்" என்பான்.

ராயப்பன்பட்டியில் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்த மாடி அறைதான் அவன் அலுவலகம். பிளாக்செயினில் ஏற்றும் ஸ்மார்ட் கான்ட்ராக்டுகளில் ஓட்டை தேடுவது தொழில். நடுவில் ஆள் யாரும் இல்லாமல் பணத்தை வாங்கிவைத்துத் திருப்பிக் கொடுக்கிற நிரல் அது. ஏற்றிவிட்டால் திருத்துவது லேசில்லை. அதனால் முன்கூட்டியே இவனைப் போல ஒருவர் பார்த்துப் பெயர் போட்டாக வேண்டும். அம்மா ஆரோக்கியம்மாள் கேட்பவர்களிடம், "கம்ப்யூட்டர்ல களவாணி எங்கிட்டு நுழைவான்னு பாத்துச் சொல்றான்" என்கிறாள். அவனே சொன்னாலும் இத்தனை சுருக்கமாக வராது.

அம்மா மூடிய கேஸ் சிலிண்டரை இவன் இன்னொரு தடவை மூடுவான். பஸ் டிக்கெட்டில் தேதி சரிபார்ப்பான். "எனக்குப் பாத்த மாப்பிள்ளையையும் ஒருக்கா செக் பண்ணிருண்ணே" என்று தங்கை கிளாரா ஓட்டுவாள். அவனும் சிரிப்பான்.

அந்தச் சிரிப்பு போன வருஷத்தோடு சரி. ஒரு சேமிப்புத் திட்டத்தின் நிரலைப் பத்தொன்பது நாள் பார்த்துவிட்டு, 'குறை ஒன்றுமில்லை' என்று எழுதிப் பெயரைப் போட்டான். பணத்தை முதலில் கொடுத்துவிட்டு, அப்புறம் இருப்பில் கழிக்கும் ஒரு வரி அதில் இருந்தது. கழிப்பதற்குள் திருடன் மறுபடி மறுபடி கேட்டான். நிரலும் மறுபடி மறுபடி கொடுத்தது. பத்து நிமிடத்தில் எல்லாம் காலி. பணம் போட்டிருந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் கோட்டயத்திலிருந்து குரல் செய்தி அனுப்பினார்: "மோனே, உன் பேரைப் பாத்துத்தான் போட்டது." திட்டியிருந்தால் தாங்கியிருப்பான், பாவம். அந்த 'மோனே'யைத்தான் தாங்க முடியவில்லை.

வேலையை விடவில்லை. முன்னைவிட அதிகமாகவே ஓட்டை கண்டுபிடிக்கிறான். அறிக்கை முடிந்ததும், "எம் பேரு வேணாம்ணே, நீங்க போட்டுக்கங்க" என்று மேலதிகாரியிடம் கெஞ்சுகிறான். கூரியர் வந்தால்கூட அம்மாதான் கையெழுத்துப் போடுகிறாள்.

அப்பா தவறி நாலு வருஷமாகிறது. கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து அண்ணன்தான் போடவேண்டும் என்று கிளாரா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்யாணத்தன்று திருப்பலி முடிந்து, பங்குச் சாமியார் கோயில் பதிவேட்டை மேசையில் விரித்து வைத்தார்.

"அப்பா இடத்துல நீதாண்ணே. இங்கன போடு" என்று பேனாவைக் கொடுத்தாள்.

கிங்ஸ்லி கீழிருந்து மேலாகப் படித்தான். தேதி, பங்குக் கோயில், பெற்றோர் பெயர், மணமக்கள் பெயர். மறுபடியும் கீழே வந்து படித்தான்.

"சாமி காத்துக்கிட்டு இருக்காகடா" என்றாள் அம்மா.

"கொற ஒண்ணுமில்ல" என்றான். சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது.

கிளாராவின் முகத்தைப் பார்க்காமல் பேனாவை மூடி, பக்கத்தில் நின்ற பிரான்சிஸ் மாமாவின் கையில் வைத்து, பதிவேட்டை அவர் பக்கமாகத் திருப்பினான்.